மடியில் இருந்த பேனாக்கத்தி

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடொன்றின் மரப்பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்புப் பெற்றவர்கள், ஓலைச்சுவடிகளுக்கும் கிரயப் பத்திரக் கட்டுகளுக்கும் இடையே ஒரு சிறு கருவி கிடப்பதைக் கண்டிருக்கக் கூடும். ஒரு சாணுக்குக் குறைவான பிடி; அதன் ஒரு முனையில் மடங்கிக் கிடக்கும் கூரிய இரும்பு ஊசி; மறுமுனையில் அதேபோல் மடங்கிக் கிடக்கும் சிறு கத்தி. இதற்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என வேறு வகைகளும் உண்டு. எனினும் ஊர் ஊராய் நடப்பவர்களுக்கு உகந்தது மடக்கெழுத்தாணியே. ஓலையில் எழுத வேண்டுமாயின் முதலில் ஓலையை நறுக்க வேண்டும், ஈர்க்கை நீக்க வேண்டும், ஓரங்களைச் சமன்படுத்த வேண்டும். கத்தி இல்லாமல் எழுத்து இல்லை. ஊர்க்கணக்கர் இக்கருவியை மடியில் செருகிக்கொண்டு வரப்பின்மேல் நடந்தபோது, ஆயுதம் தரித்தவர் வருகிறார் என்று எவரும் ஒதுங்கவில்லை. குடியானவர் அஞ்சியது அதன் கத்தி முனைக்கன்று, எழுத்தாணி முனைக்குத்தான்!

அரபு எழுத்தின் வரலாற்றிலும் கத்திக்கு இதே இடம் உண்டு. நாணற்குச்சியால் ஆன 'கலம்' தானாக எழுதுவதில்லை. அதைச் சீவ வேண்டும். எகிப்தின் மம்லூக் அரசு அலுவலகத்தில் பணிபுரிந்த அல்லாமா கல்கஷந்தீ (ரஹ்) (மறைவு 1418) தமது 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் பெருநூலில் எழுதுகோல் சீவுவதை ஒரு தனிக் கலையாகவே விவரித்துள்ளார். குச்சியின் முனையைத் திறத்தல், பக்கங்களைச் செதுக்குதல், நடுவே பிளத்தல், இறுதியில் முனையைக் குறுக்கே வெட்டுதல் ஆகிய நான்கும் அதன் படிகள். இறுதி வெட்டு நேராக அமைந்தால் ஒரு வகை எழுத்து, சாய்வாக அமைந்தால் வேறு வகை. பக்தாதின் யாகூத் அல்முஸ்தஃஸிமீ (மறைவு 1298) எழுத்துக்குப் பெற்ற அழகில் பெரும்பங்கு அவர் முனையைச் சாய்த்து வெட்டியதால் வந்தது என்பது கலை வல்லுநர் கருத்து. அவருக்கு முன் எழுத்துகளுக்கு அளவு வகுத்த வஸீர் இப்னு முக்லா (மறைவு 940) அரசியல் சூழ்ச்சியில் சிக்கி வலக்கையை இழந்தார். வாழ்நாளெல்லாம் கலம் சீவிய கையை அரசின் கத்தி அறுத்தது!

கத்தியைக் குறிக்கும் சொற்களிலும் ஒரு சுவை உண்டு. திருக்குர்ஆனில் 'ஸிக்கீன்' என்னும் சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. யூசுஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில், விருந்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கத்தி கொடுக்கப்படுகிறது. விருந்தினருக்குக் கத்தி தருவது அங்கே உபசாரத்தின் ஒரு பகுதி. சுலைமான் நபி (அலை) இரு பெண்களின் வழக்கைத் தீர்க்கக் கத்தி கொண்டுவரச் சொன்ன செய்தியை அறிவிக்கும் அபூஹுரைரா (ரலி), அன்றுவரை ஸிக்கீன் என்ற சொல்லைத் தாம் கேட்டதில்லை என்றும், 'முத்யா' என்பதே தம் மக்களின் வழக்கு என்றும் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். பேனாக்கத்தி, சூரி, பிச்சுவா எனக் கத்திக்கு ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கும் நமக்கு அந்த நபித்தோழரின் வியப்பு எளிதில் புரிகிறது.

காவிரிப் படுகையில் இவ்விரு மரபுகளும் ஒன்றாய்க் கலந்தன. வாய்க்கால் கரையெங்கும் நாணல் தழைத்த நாடு இது. மக்தபில் ஓதும் பிள்ளைகள் மரப்பலகையில் களிமண் பூசி உலர்த்தி, நாணற்குச்சியால் மை தொட்டு அலிஃப் பே எழுதிய காலம் நம் தந்தையர் நினைவுவரை நீடித்தது. பிள்ளைகளுக்குக் குச்சி சீவித் தருவது லெப்பையின் பணி. அதற்கான சிறு கத்தி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். கோழி அறுக்க வீட்டார் அழைத்தால் அதற்கு வேறு கத்தி. துணியில் சுற்றிய அந்த அறுப்புக் கத்தியைக் கையில் பிடித்தபடியே அவர் தெருவில் நடந்து போவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லச்சு வந்தபோது நாணற்பேனா அழியவில்லை, மேலும் சில பத்தாண்டுகள் உயிர் பெற்றது. கல்லச்சுக்கு ஈய எழுத்து வேண்டியதில்லை, நல்ல கையெழுத்துத்தான் வேண்டும். அரபுத்தமிழ் நூல்கள் பலவும் அவ்வாறு எழுதுவோர் கையால் பிறந்தவையே.

எழுத்துக்கு அப்பாலும் சிறு கத்தி புழங்கிற்று. கைலியின்மேல் நான்கு விரற்கடை அகலப் பச்சை பெல்ட் கட்டிய வணிகர், அதன் பையில் பணத்தோடு ஒரு மடக்குக்கத்தியும் வைத்திருப்பார். சணல் மூட்டையின் தையலைப் பிரிக்கவும் பாக்கு நறுக்கவும் மாம்பழம் அரியவும் அது பயன்பட்டது. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகிறவர் மடியில் கத்தி இல்லாமல் போகமாட்டார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்கள் உறவினருக்குக் கொணர்ந்த பொருள்களில் தைலக்குப்பியும் நகவெட்டியும் பேனாக்கத்தியும் தவறாமல் இடம்பெற்றன. சிறுவன் ஒருவனுக்கு மாமா பேனாக்கத்தி கொடுத்தார் எனில், அவன் பொறுப்புள்ள வயதை எய்திவிட்டான் என்று பொருள்.

இன்று நம் ஊர்களில் எவர் மடியிலும் அக்கத்தி இல்லை. இதற்கு முதற்காரணத்தை ஒளிக்காமல் கூறுவதே நேர்மை. இரும்பு நிப்பும் பின்னர் பால்பாயிண்ட் பேனாவும் வந்தபின் சீவுவதற்கு எதுவும் இல்லாமற்போயிற்று. சணல் மூட்டை போய்ப் பிளாஸ்டிக் பை வந்தது. பாக்கு, சீவலாகவே பொட்டலத்தில் வந்தது. தொழில் போனால் கருவி போகும். அதற்காக எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தொழில் இன்னும் எஞ்சியிருக்கும் இடங்களிலும் கத்தி மறைந்திருப்பதற்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள். கூர்மையான பொருளைக் கண்டவுடன் அதை வைத்திருப்பவரின் உள்ளத்தை ஐயுறும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அது எவரைத் தொட்டது என்பதை ஆராய வேண்டியுள்ளது.

பாதுகாப்பை முன்னிட்டு ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவது இஸ்லாத்துக்கு அந்நியமானது என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. அது பிழை. அம்புகளுடன் பள்ளிவாசலையோ சந்தையையோ கடப்பவர் அவற்றின் கூர்முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். உறையின்றி உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் நீட்டுவதையும் தடுத்தார்கள். ஹுதைபிய்யா உடன்படிக்கையில் குறைஷிகள் விதித்த நிபந்தனை ஒன்று, மறு ஆண்டு உம்ராவுக்கு வரும் முஸ்லிம்கள் ஆயுதங்களை உறைகளிலேயே வைத்திருக்க வேண்டுமென்பது. நபியவர்கள் அதை ஏற்றார்கள். ஹிஜ்ரி 7இல் அவ்வாறே மக்காவினுள் நுழைந்தார்கள். ஐயத்தோடு பார்ப்பவரின் அச்சத்தை மதித்து உறையிட்டுச் செல்வதில் இழிவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? மினாவில் கூட்ட நெரிசலின்போது இப்னு உமர் (ரலி) அவர்களின் பாதத்தில் ஈட்டிமுனை பாய்ந்தது. நலம் விசாரிக்க வந்த ஆளுநர் ஹஜ்ஜாஜ், இதைச் செய்தவன் யாரெனத் தெரிந்தால் தண்டிப்போம் என்றபோது, செய்தவர் நீரே என்று அப்பெரியார் முகத்துக்கு நேரே கூறினார். ஆயுதம் கொணரக் கூடாத நாளில், கொணரக் கூடாத ஹரமுக்குள் அதைக் கொணரவிட்டவர் ஹஜ்ஜாஜ்தானே!

ஆக, இடமும் காலமும் கருதிய கட்டுப்பாடு நம் மரபில் உண்டு. ஆனால் அந்த மரபிலேயே கத்தி இயல்பான வீட்டுப் பொருளாகவும் இருந்தது. நபியவர்கள் ஆட்டின் முன்சப்பை இறைச்சியைக் கத்தியால் அரிந்து உண்டுகொண்டிருந்தபோது தொழுகைக்கு அழைக்கப்பட, கத்தியைக் கீழே இட்டுவிட்டு எழுந்து தொழுதார்கள் என்று அம்ர் இப்னு உமைய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். சட்ட அறிஞர்கள் இதனை உளூவின் பாடத்தில் வைத்துப் பேசுவர். கத்தி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அந்த அளவுக்கு அது எளிய பொருள்.

நம் நாட்டில் இந்த எளிமை குலைந்ததன் வரலாறு மலபாரில் தொடங்குகிறது எனலாம். அன்று தஞ்சையைச் சூழ்ந்த நிலம் போலவே மலபாரும் சென்னை மாகாண ஆட்சியின் கீழ் இருந்தது. குத்தகை, வெளியேற்றம் முதலிய நிலச் சிக்கல்களின் விளைவாக மாப்பிள்ளைக் குடியானவர்களின் கலகங்கள் தொடர்ந்தபோது, அரசு டி. எல். ஸ்ட்ரேஞ்ச் என்பவரை 1852இல் தனி ஆணையராக நியமித்தது. அவ்வாண்டே மம்புறம் ஸய்யித் ஃபழ்ல் (ரஹ்) தாயகம் நீங்கி அரபு நாடு செல்ல நேர்ந்தது. நிலச் சிக்கலுக்குத் தீர்வு வரவில்லை, கத்திக்குச் சட்டம் வந்தது. 1854ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம், 'ஆயுதக்கத்தி' எனப்பட்ட போர்க்கத்தியை மலபாரில் வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. ஆட்சியர் எச். வி. கோனோலி 1854 டிசம்பரிலும் 1855 ஜனவரியிலும் ஊர் ஊராய்ச் சென்று கத்திகளைத் திரட்டினார். லோகன் எழுதிய மலபார் கையேட்டின் கணக்குப்படி அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவை 7,561. அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் மாலை, கோழிக்கோட்டில் தம் இல்லத்தில் இருந்த கோனோலி கொல்லப்பட்டார். சிறையிலிருந்து தப்பியவர்களே கொலையாளிகள். அக்கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளைத் திரட்டியும், தீங்கெண்ணிய நால்வருக்குக் கத்தி கிடைக்காமற் போகவில்லை என்பதை மட்டும் குறிக்கிறோம்.

சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அது தடுத்தது போர்க்கத்தியை மட்டுமே. பாக்கு வெட்டும் சிறுகத்தியை அன்று. மலப்புறம் கத்தி இன்றும் பெயர் பெற்ற கைவினைப் பொருளாக நிலைத்திருப்பதே இதற்குச் சான்று. எனினும் மாப்பிள்ளையின் இடுப்பில் இருப்பது எதுவாயினும் அது போர்க்கத்தியே என்னும் பார்வை அன்று விதைக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் பெயரோடு ஒரு கருவியின் பெயர் ஒட்டிக்கொண்டால், பின்னர் எவ்வளவு கழுவினாலும் போவதில்லை.

அதே 1855இல் தஞ்சையிலும் ஓர் அத்தியாயம் முடிந்தது. மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைய, கும்பினியார் அரசுரிமை முடிந்ததென அறிவித்தனர். அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலந்தொட்டுச் சேர்ந்திருந்த வாள்களும் கட்டாரிகளும் 1860களில் கலைக்கப்பட்டன. ஒரு தொகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுக்கப்பட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டு வெறும் உலோகமாயிற்று. எழும்பூரில் இன்று கண்ணாடிப் பேழைக்குள் காணப்படும் தஞ்சைக் கட்டாரிகளின் வேலைப்பாட்டைக் கண்டவர்கள், உருக்கப்பட்டவை எப்படி இருந்திருக்கும் என எண்ணிப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியாது. அதே தஞ்சை அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் சுவடிகள் தப்பிப் பிழைத்தன என்பது நாம் பெற்ற பேறு.

அடுத்து வந்தது 1878. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் அவ்வாண்டு இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டிய சட்டம். மற்றொன்று ஆயுதச் சட்டம். எழுதுகோலையும் இரும்பையும் ஒரே ஆண்டில் ஐயுற்ற அரசு அது. ரிப்பன் பிரபு காலத்தில் முதற்சட்டம் நீங்கிற்று. இரண்டாவது எண்பது ஆண்டுகள் வாழ்ந்தது. வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றை உரிமமின்றி ஏந்திச் செல்வதை அது தடுத்தது. குடகு மக்களுக்கு விலக்குக் கிடைத்தது. சீக்கியர் தம் கிர்பானுக்காகப் போராடிப் பெற்ற உரிமை, பின்னர் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இடம்பெற்றது. பேனாக்கத்திக்கு அப்படிப் போராட எவரும் இல்லை. போராட வேண்டிய தேவையும் அன்று எழவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடுநிலையானது என்றே சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்களை அது ஆயுதத்தின் இலக்கணத்திலிருந்து விலக்கிற்று. கைத்தடியைக்கூடப் பெயர் சொல்லி விலக்கிற்று. 1962ஆம் ஆண்டு விதிகளும் அவற்றுக்குப் பின் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுடையவற்றையே பட்டியலில் சேர்த்தன. அங்கும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவை விலக்குப் பெற்றன. தில்லி நிர்வாகம் 1980இல் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் என வேறோர் அளவு வகுத்தது. அது அந்நகரின் நிலைமைக்கு உரியது. சட்டம் கேட்பவை இரண்டு: அளவு என்ன? எதற்காக அமைந்தது? செயல்கள் அவற்றின் நோக்கங்களைக் கொண்டே மதிப்பிடப்படும் என்னும் ஃபிக்ஹு விதியை அறிந்தவர்க்கு இரண்டாவது கேள்வி அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் அன்றாட வாழ்க்கை சட்டப் புத்தகத்தில் நடப்பதில்லை, வாயில்களில் நடக்கிறது. நம் தலைமுறை கண்ட மாற்றம் அந்த வாயில்கள் பெருகியதே. 1992 டிசம்பர் 6இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டபின் ஆண்டுதோறும் அந்நாளையொட்டி இரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் வழிபாட்டிடங்களிலும் சோதனை வழக்கமாயிற்று. 1998 பிப்ரவரி 14இல் கோவையில் 58 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகள் தமிழக முஸ்லிம்கள்மீது விழுந்த பார்வையையே மாற்றின. அக்கொடுமையைச் செய்தவர்கள் சிலர். அதன்பின் பேருந்து நிலையத்தில் பையைத் திறந்து காட்டியவர்கள் பல்லாயிரம். மூன்றாண்டுகளில் அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11. அதுவரை அந்நாட்டு விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்திக்குத் தடை இருக்கவில்லை. அதன்பின் நகவெட்டியோடு இணைந்த சிறு அலகும் உலகெங்கும் ஐயத்துக்குரிய பொருளாயிற்று. 2013 மார்ச்சில் 6 சென்டிமீட்டர் வரையுள்ள மடக்குக்கத்தியை மீண்டும் அனுமதிக்கப் போவதாக அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. விமானப் பணியாளர்கள் முதலியோர் எதிர்க்கவே ஜூனில் அதைக் கைவிட்டது. ஒருமுறை பறிக்கப்பட்ட சிறு நம்பிக்கையை மீட்டுத் தருவது வல்லரசுக்கும் எளிதாக இல்லை. வளைகுடாவுக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் விமான நிலையக் கூடைகளில் இட்டுவந்த பேனாக்கத்திகளுக்குக் கணக்கில்லை.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றின் அண்மைக் கட்டம் 2021 செப்டம்பர். பழிக்குப்பழிக் கொலைகள் தொடர்ந்ததையடுத்துக் காவல்துறை மாநிலம் முழுவதும் பெருந்தேடுதல் நடத்திற்று. அப்போது காவல்துறைத் தலைவராயிருந்த சி. சைலேந்திர பாபு, கத்தியும் அரிவாளும் செய்யும் பட்டறைகளுக்கும் விற்கும் கடைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தார். வாங்குபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், வாங்கும் நோக்கம் ஆகியவற்றைப் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அன்றி விற்கலாகாது. பட்டறையில் கண்காணிப்புக் கேமரா வேண்டும். அறுவடை எந்திரம் வந்து கருக்கரிவாளின் தேவையே சுருங்கிவிட்ட டெல்டாவில், எஞ்சியிருந்த கொல்லுப்பட்டறைக்காரர் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்க வேண்டியதாயிற்று.

இந்த ஆணையை எதிர்த்து எழுதுவது நம் நோக்கமன்று. இதே கேள்வி எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஃபகீஹ்கள் முன் வந்ததையும், அவர்கள் தந்த விடையையும் எடுத்துக்காட்டவே விழைகிறோம். ஹனஃபீ மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா'வில் இமாம் மர்கீனானீ (ரஹ்) (மறைவு 1197), கலகக்காரர்களைப் பற்றிய பாடத்தில் இதனைப் பேசுகிறார்கள். கலகம் செய்வோர்க்கும் அவர்தம் முகாமிலும் ஆயுதம் விற்பது வெறுக்கத்தக்கது. அது பாவத்துக்குத் துணைபோவது. ஆனால் கூஃபா நகரில் அந்நகரத்தார்க்கும், கலகக்காரர் எனத் தெரியாத மற்றவர்க்கும் விற்பதில் குற்றமில்லை. இதற்கு அவர்கள் தரும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: நகரங்களில் மிகுந்திருப்பவர் நல்லோரே. மேலும் இத்தடை ஆயுதத்துக்கு மட்டுமே உரியது. இனிமேல்தான் ஆயுதமாகச் செய்யப்பட வேண்டிய மூலப்பொருளுக்கு இல்லை. இசைக்கருவி விற்பது வெறுக்கப்படினும் மரம் விற்பது வெறுக்கப்படாததை அவர்கள் உவமையாக்குகிறார்கள்.

கூஃபாவை ஏன் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்? வரலாறு படித்தவர் அறிவர், கலகத்துக்குப் பேர்போன ஊர் அது. அலீ (ரலி) அவர்கள் வெட்டப்பட்டது அங்கே. ஹுஸைன் (ரலி) அவர்களை அழைத்துக் கைவிட்டது அவ்வூர். ஓர் ஊரையே ஐயுற வேண்டுமாயின் அவ்வூரைத்தான் ஐயுற வேண்டும். அத்தகைய ஊரைக் கொண்டே, தெரிந்த குற்றவாளியைத் தவிர மற்றவர் நல்லவர் என்னும் விதியை நம் இமாம்கள் நிறுவினர். ஐயம் ஆளுக்குரியது, ஊருக்குரியதன்று, சமூகத்துக்கு உரியதுமன்று. 1854இன் சட்டத்தை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 2021இன் ஆணை எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டது என்பதால் அது 1854ஐவிட மேலானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதனை நாம் ஏட்டளவில் மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் 5ஆம் நாள், விடுப்பில் ஊருக்குப் புறப்பட்ட நம் மாணவர் ஒருவர் இரயில் சந்திப்பு ஒன்றில் நிறுத்தப்பட்டார். பையில் நான்கு நாணற்பேனாக்கள், ஒரு மைக்கூடு, இரண்டரை அங்குல அலகுள்ள ஒரு மடக்குக்கத்தி. அழகெழுத்துப் பயிற்சிக்காக அவற்றை வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. அளவிலும் நோக்கத்திலும் சட்டம் அவர் பக்கமே இருந்தது. ஆயினும் அஸருக்கு முன் நிறுத்தப்பட்டவர் இஷாவுக்குப் பின்னும் பெஞ்சில் அமர்ந்திருந்தார். தகவல் கிடைத்து மற்றோர் உஸ்தாதுடன் நாம் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

காவல் அதிகாரி இளைஞர். எவரையும் இழித்துப் பேசவில்லை, அடிக்கவில்லை. இதை நாம் பதிவு செய்தாக வேண்டும். பேனாவைக் கத்தியால் வெட்டுவார்கள் என்பதை அவர் நம்பவில்லை. அவர் மேசைமேலேயே, அவருடைய மர ரூலரை அடியில் வைத்து ஒரு குச்சியைச் சீவிக் காட்டினோம். முனையைப் பிளக்கும்போது எழும் அந்தச் சிறு ஓசையைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். மை தொட்டுத் தம் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்து, எழுத்து ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருவதைக் கண்டு சிரித்தார். பிறகு, "பாய், பேனாவெல்லாம் எடுத்துட்டுப் போங்க. கத்தி மட்டும் இருக்கட்டும்" என்றார். நாம் வாதிடவில்லை. இரவாகிவிட்டது, பையன் பசியோடிருந்தான்.

வெளியே வந்தபின் மாணவர் நம்மிடம் கேட்டது ஒன்றுதான். அவரைப் பிடித்த அதே நடைமேடையில் ஓர் அம்மையார் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்; அவர் கையிலிருந்த கத்தி இதைப்போல் இரண்டு மடங்கு. "அவங்களை யாரும் கேட்கலையே, ஹஜ்ரத்?" அந்த அம்மையாரைக் கேட்டிருக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். கொய்யாப்பழம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கத்தியின் நோக்கமும் தெரிகிறது. கலத்தை அறியாத காலத்தில் கலம் சீவும் கத்திக்கு நோக்கம் தெரிவதில்லை. இது ஒரு விடை. தாடியும் தொப்பியும் இருந்ததும், நாள் டிசம்பர் 5ஆக இருந்ததும் மற்றொரு விடை. இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலவில்லை. அன்றிரவு பேருந்தில் அவர் உறங்கிவிட்டார், நாம் உறங்கவில்லை.

அதன்பின் நாம் செய்ததும் வாசகர்களின் கணக்கில் வர வேண்டும். மாணவர் எவரும் கத்தியை வெளியே கொண்டுசெல்லலாகாது என விதித்தோம். பெற்றோர் மகிழ்ந்தனர். மாணவர் பலர் முனை சாய்வாய் வெட்டிய மார்க்கர் பேனாவுக்கு மாறினர். அதற்குக் கத்தி வேண்டியதில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் குர்பானிக் கத்தியைச் சாணை பிடித்துவர முன்பு சைக்கிளில் போன மோதினார், இப்போது சாணைக்காரரைப் பள்ளிவாசலுக்கே வரவழைக்கிறார். எவரும் அவரைத் தடுத்ததில்லை. தடுத்துவிடுவார்களோ என்ற எண்ணமே போதுமானதாயிற்று.

நாணற்பேனாவை விடாத மாணவர் ஏழெட்டுப் பேர் இருக்கின்றனர். அவர்களுக்கென ஒரு கத்தி கல்லூரி நூலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. எடுப்பவர் ஒரு நோட்டில் பெயர், வகுப்பு, எடுத்த நேரம், திருப்பித் தந்த நேரம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோக்கம் என ஒரு கட்டமும் அதில் உண்டு. அதைக் கோடிட்டுச் சேர்த்தது நாமே. சென்ற ஆண்டு முழுவதும் அக்கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது: கலம்.